வெள்ளை நாயும் சிவப்புச் சாமியானாவும்: நாட்டு நாய்க் கண்காட்சியைப் படமெடுப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டங்களில் நடக்கும் நாட்டு நாய்க் கண்காட்சி, பொழுதுபோக்காகப் படமெடுப்பவர் தலையில் ஒரே காலையில் மூன்று வேலைகளைக் கட்டிவிடும். நாயை எடுக்க வேண்டும், நாயைப் பிடித்து நிற்பவரை எடுக்க வேண்டும், மேடையில் நடப்பதையும் எடுக்க வேண்டும். மூன்றுக்கும் வெளிச்சம் வேறு, வேகம் வேறு, நிற்க வேண்டிய இடமும் வேறு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது குறிப்பிட்ட ஓர் ஊரின் கண்காட்சி இல்லை. இத்தகைய கண்காட்சிகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரு காலைப் பொழுதாகக் கோத்திருக்கிறோம். இடம் ஒரு பள்ளி மைதானம். வடக்கு தெற்காக நீளும் சுண்ணாம்பு அடித்த கட்டடம். மைதானத்தின் ஒரு ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட சாமியானா. அதற்குள் மேடை, ஃப்ளெக்ஸ் பேனர், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். இன்னொரு பக்கம் ஓட்டத்துக்காகக் கயிறு கட்டிய பாதை. வந்திருப்பவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை.

கையில் இருப்பதும் பலரிடம் இருக்கும் சாதாரணக் கருவிதான்: கேனான் 200டி மார்க் 2, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், 55-250 மி.மீ. எஸ்டிஎம், 50 மி.மீ. எஃப் 1.8. பேட்டரி இரண்டு, 64 ஜிபி கார்டு இரண்டு. தனி ஃப்ளாஷ் கிடையாது, அது ஏன் தேவையில்லை என்பது மேடைப் பகுதியில் வரும்.

இதைவிட விலை கூடிய கேமராவோடு வருபவர்களின் படங்களும் இங்கே கெட்டுப்போகின்றன, ஏறக்குறைய அதே விதத்தில். நாய் சாம்பல் நிறத்தில் இருக்கும், இல்லையென்றால் ஆரஞ்சு நிறத்தில். கால் குட்டையாகவும் தலை பெரிதாகவும் தெரியும். மூக்கு துல்லியமாகவும் கண் மங்கலாகவும் விழும். இதில் எதற்கும் லென்ஸின் விலை காரணமில்லை. படமெடுப்பவர் எங்கே நின்றார், நாயை எங்கே நிறுத்தினார் என்பதுதான் காரணம்.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு, முன்னால் இருப்பது நாயா, சுண்ணாம்புச் சுவரா, கரிசல் மண்ணா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரும்படி எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை) அமைக்கும். ராஜபாளையம் பால் வெள்ளை. அது ஃப்ரேமை நிறைத்தால் மீட்டர் ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். விளைவு, வண்ணானுக்குப் போட வேண்டிய வேட்டி நிறத்தில் ஒரு நாய். அடுத்து வரும் கருங்கன்னிக்கு நேர்மாறாக நடக்கும். கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து, பின்னால் நிற்கும் ஆட்களின் சட்டையெல்லாம் வெளுத்துப்போகும்.

மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் வெள்ளைக்கு +1.3 முதல் +1.7 ஸ்டாப் வரையும், கறுப்புக்கு −0.7 முதல் −1 வரையும் வைக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது.) நாய் ஃப்ரேமை நிறைக்கும்போது அது சரி. ஆனால் நாய் சின்னதாகவும் சுற்றிலும் இருண்ட மண்ணாகவும் இருந்தால், மீட்டர் மண்ணைப் பார்த்து ஏற்கெனவே கூட்டியிருக்கும். அதன் மேல் நீங்களும் +1.3 கூட்டினால் வெள்ளை முழுக்க வெந்துவிடும், அதாவது முடியின் விவரமே இல்லாமல் வெளுத்துப்போகும். கண்காட்சியில் நாய்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நாய் போய்விடும்.

ஆகவே எண்களை நாமே அமைக்கும் மேனுவல் மோடுதான். நாய்களை நிறுத்தப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும், முதலில் வரும் வெள்ளை நாயின் வெளிச்சம் படும் விலாப் பக்கத்தை, சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் பாருங்கள். முள் +1.7-இல் நிற்கும்படி ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் ஒளியுணர்வு) அமைத்து ஒரு படம் எடுத்து, வெந்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கிப் பாருங்கள். முடிப் பரப்பில் கறுப்பாகச் சிமிட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். சிமிட்டல் நின்றதும் அந்த எண்களை அப்படியே விட்டுவிடலாம். பிறகு கருங்கன்னி வந்தாலும் கோம்பை வந்தாலும் தொட வேண்டியதில்லை. நாய்தான் மாறியது, வெளிச்சம் மாறவில்லை. அரை மணிக்கு ஒரு முறையும், மேகம் கடக்கும்போதும் சரிபார்த்தால் போதும்.

தொடக்கத்துக்குச் சில எண்கள். எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும். 1/500 போன்றவை நொடிக் கணக்கில் ஷட்டர் வேகம். கட்டடத்தின் நிழலில், வானம் திறந்திருக்கும் பக்கம் பார்த்து நின்றால் எஃப் 5.6, 1/500, ஐஎஸ்ஓ 400. சாமியானாவுக்குள் அதே எஃப் 5.6-க்கு ஐஎஸ்ஓ 1600 வைத்து 1/250 முதல் 1/500 வரை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, 1/800 என்பது பொதுக் கணக்கு. வெள்ளை நாய் என்றால் 1/1250 அல்லது 1/1600 வரை ஏற்றுங்கள். காலை ஏழு எட்டு மணி வெயில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மென்மையாக இருக்கும்.

படங்களை ரா வடிவில் (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் வெந்த வெள்ளை திரும்பாது. ரா ஃபைலில் கொஞ்சம் இடம் இருக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ ஒரு ஸ்டாப் அளவுதான் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சாமியானாத் துணி

வெயிலுக்கு ஒதுங்கி நாய்களெல்லாம் சாமியானாவுக்குள்தான் இருக்கும். வளர்ப்பவர்களும் அங்கேயே ‘எடுங்க சார்’ என்பார்கள். மேலே இருக்கும் சிவப்புத் துணி வழியாக இறங்கும் வெளிச்சம் வெள்ளை முடியில் சிவப்பாக விழும். துணியின் மஞ்சள் பட்டைக்குக் கீழே மஞ்சள். பக்கவாட்டில் திறந்த வெளியிலிருந்து வருவது நீலம் கலந்த வெள்ளை. ஒரே நாயின் முதுகு சிவப்பு, விலா மஞ்சள், மார்பு நீலம். நம் கண் இதைச் சரிசெய்து ‘வெள்ளை நாய்’ என்றே காட்டும். சென்சார் அப்படியே பதிவுசெய்யும்.

நிறச் சாயலைத் திருத்தும் எந்த ஒயிட் பேலன்ஸும் இதைத் தீர்க்காது. முதுகைச் சரிசெய்தால் மார்பு இன்னும் நீலமாகும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நாயோடு நிற்பவரின் முகமும் நோயாளி முகம் போலாகிவிடும்.

இன்னொரு மறைவான சிக்கலும் உண்டு. சிவப்புத் துணிக்கடியில் சென்சாரின் சிவப்புச் சேனல் மட்டும் முதலில் நிரம்பிவிடும். பின்திரையில் பார்க்கும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலின் வரைபடம்) மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டுவதால் எல்லாம் சரி என்பது போலவே இருக்கும். வீட்டில் கணினியில் திறந்தால் முதுகு முடி ஒரு இழைகூடத் தெரியாமல் தட்டையாகக் கிடக்கும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தை முட்டுகிறதா என்று பார்ப்பது ஒரு நொடி வேலை.

தீர்வு, நாயை நகர்த்துவதுதான். பத்தடி தள்ளிக் கட்டடத்தின் நிழலுக்குக் கூப்பிடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலிலும் காலை ஒன்பதரை வரை மேற்குப் பார்த்த சுவருக்கு அருகே நல்ல நிழல் கிடைக்கும். நிழலின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து நாய் நிற்க வேண்டும். சாம்பல் அட்டை ஒன்றை நாயின் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு ஃப்ரேம் எடுத்துவைத்தால் பிறகு நிறத்துக்கு அலைய வேண்டாம். அட்டைக்குப் பதில் ஏ4 தாளைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அந்தத் தாளில் வெண்மைக்காகச் சேர்த்திருக்கும் பொருள் நீலமாக ஒளிரும். அதை வைத்துத் திருத்தினால் நாய் மஞ்சளாகிவிடும்.

தரையையும் கவனிக்க வேண்டும். செம்மண் தரையில் வெயில் விழுந்தால் கீழிருந்து ஆரஞ்சு வெளிச்சம் எழும்பி வெள்ளை நாயின் வயிற்றிலும் தொடை உட்புறத்திலும் படியும். கரிசல் மண் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அங்கே வயிறு கறுத்துப்போகும். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரு வெள்ளை வேட்டி. ஃப்ரேமுக்கு வெளியே, நாய்க்கு முன்னால் தரையில் நான்கு முழம் விரித்துவிட்டால் வெளிச்சம் மென்மையாகக் கீழிருந்து ஏறும். மனிதர் முகத்துக்கும் இதே வேட்டி உதவும். தலைப்பாகை கட்டியவர்களின் கண்குழி நிழலை இதைவிட மலிவாக நீக்க வழியில்லை. வேட்டி இல்லாவிட்டால் பழைய ஃப்ளெக்ஸின் பின்பக்கம் போதும். காற்றில் படபடக்காமல் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். படபடத்தால் நாய் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கவாட்டுப் படம்

ராஜபாளையம் 2005-லேயே இந்திய அஞ்சல்தலையில் ஏறிய இனம். அதை வளர்ப்பவருக்கு ‘அழகான படம்’ இரண்டாம்பட்சம். முதலில் கேட்பது நாய் பக்கவாட்டில் முழுசாக நிற்கும் படம். முதுகுக்கோடு, மார்பின் ஆழம், ஒட்டிய வயிறு, காலின் நிற்பு, வாலின் வளைவு எல்லாம் அதில்தான் தெரியும். பார்க்க எளிது. சரியாக எடுப்பது இந்த நாளின் மிகக் கஷ்டமான வேலை.

ராஜபாளையம் தோள் வரை 65 முதல் 75 செ.மீ. உயரம். நின்றபடி எடுத்தால் கேமரா அதற்கு இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும். மேலிருந்து பார்ப்பதால் கால்கள் குறுகும், முதுகு அகலும். கேமரா நாயின் முழங்கை உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 35 முதல் 45 செ.மீ. வரை இறங்க வேண்டும். மடித்த சாக்கு ஒன்றை முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். நெருஞ்சி முள் இருக்கும் மைதானம் என்றால் சாக்கு இல்லாமல் நினைத்தே பார்க்க வேண்டாம்.

தூரம் எட்டு முதல் பத்து மீட்டர், லென்ஸ் 100 முதல் 135 மி.மீ. வரை. கைபேசியிலோ 18 மி.மீ.யிலோ பக்கத்தில் போய் எடுத்தால் லென்ஸுக்கு அருகே இருக்கும் பாகம் பெருத்து, நாய் தவளைக் குஞ்சு போலாகும். லென்ஸ் விலா எலும்புக்கு நேர் செங்குத்தாகப் பார்க்க வேண்டும். பத்து டிகிரி முன்னால் நகர்ந்துவிட்டால் உடல் குட்டையாகத் தெரியும். வளர்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கேமரா சாய்ந்தால் முதுகு சாயும். நல்ல நாயின் நேரான முதுகைச் சரிவாகக் காட்டிவிட்டால், அதைவிட அவருக்கு வேறு அவமானம் வேண்டாம். வியூஃபைண்டரின் கீழ் விளிம்பை, பின்னால் இருக்கும் சுவரின் அடிக்கோட்டோடு ஒப்பிடுங்கள்.

நான்கு காலும் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்து இரண்டு கால் நேராகவும், அந்தப் பக்கத்து இரண்டும் சற்று உள்ளே தள்ளியும் இருக்கும்படி நாய்க்காரரே கையால் எடுத்து வைப்பார். அவர் வைத்து எழுந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நொடி. அதற்குள் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவர் காலைச் சரிசெய்யும்போதே கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட வேண்டும். 200டி-யில் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்க நட்சத்திரப் பட்டனுக்கு மாற்ற முடியும். இந்த மாதிரி வேலைக்கு அது பெரிய வசதி. பாதம் புல்லில் புதையாத இடமாகவும் பாருங்கள். பாதம் தெரியாத படத்தை வளர்ப்பவர்கள் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

பின்னணி பெரும்பாலும் பைக் வரிசையாக இருக்கும். நாயைப் பின்னணியிலிருந்து ஐந்து மீட்டராவது முன்னால் கொண்டுவந்தால் 135 மி.மீ., எஃப் 5.6-இலேயே பைக்குகள் மங்கிவிடும். சங்கிலியை மேல்நோக்கிப் பிடிக்காமல் கழுத்துக்குப் பின்பக்கமாகத் தளர்வாக விடச் சொல்லுங்கள். இறுக்கினால் கழுத்துச் சதை மடிந்து முகமே மாறிவிடும்.

கண்ணா மூக்கா

வேட்டை நாய்களுக்கு முகம் நீளம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஏறக்குறைய அரைச் சாண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால் துல்லியமாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். அதே தூரத்தில் எஃப் 4 என்றால் ஏறக்குறைய 14 செ.மீ., எஃப் 5.6 என்றால் 19 செ.மீ. ‘பின்னணி மங்கணும்’ என்று எஃப் 1.8-இல் நிற்பவர்களுக்கு மூக்கு மட்டும் பளிச்சென்று விழுவது இதனால்தான். முகம் நேராகக் கேமராவைப் பார்த்தால் எஃப் 4-க்குக் கீழே இறங்க வேண்டாம். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மூக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும். அப்போது எஃப் 2.8 கூடத் தாங்கும்.

55-250-ஐ முழுதாக நீட்டி 250 மி.மீ.யில் ஆறு மீட்டரிலிருந்து எடுத்தாலும் எஃப் 5.6-இல் ஆழம் 12 செ.மீ. அளவில்தான் இருக்கும். தூரம் கூடியதால் பிழைத்தோம் என்று நினைக்கக் கூடாது.

இந்தக் கேமராவில் லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது, கண் கண்டறியும் வசதி உண்டு. அது மனிதக் கண்ணுக்கானது. நாய்க் கண்ணுக்கு வியூஃபைண்டரின் ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, கண் இமையின் விளிம்பில் வைத்துப் பிடிக்க வேண்டும். ஒன்பதையும் திறந்துவிட்டால் அது முன்னால் இருக்கும் மூக்கையோ பித்தளைக் கழுத்துப்பட்டையையோதான் பிடிக்கும். கோம்பைக்குக் கூடுதல் கவனம் தேவை. முகம் கறுப்பு, கண்ணும் இருட்டு. புள்ளி பிடிக்க ஏதும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அதன் கண்ணில் வானத்தின் ஒளிப்பொட்டு விழும்படி நிறுத்தினால் ஃபோகஸும் பிடிக்கும், முகத்துக்கும் உயிர் வரும்.

ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காதும் தனி விஷயம். வெயில் பின்னாலிருந்து வந்தால் காது மடல் வழியாக வெளிச்சம் ஊடுருவி நரம்பெல்லாம் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும். வளர்ப்பவர் இன அடையாளத்துக்காகக் கேட்டால், பக்கத்து வெளிச்சமே நல்லது. கணினியில் நிறத்தைத் திருத்தும்போது அந்த மூக்கைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும். முடி வெள்ளையாகி மூக்கும் வெளுத்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

நாய் பார்க்கும் லென்ஸ்

நாய்க்கு 55-250-இன் முன்கண்ணாடி, தன்னை முறைத்துப் பார்க்கும் பெரிய கண். ராஜபாளையமும் கோம்பையும் அந்நியரை எளிதில் ஏற்காதவை. நேராக நடந்து போய், மண்டியிட்டு, லென்ஸை நீட்டுவது மூன்று தவறை ஒன்றாகச் செய்வது. பக்கவாட்டாக, வளைந்து போங்கள். நாயைப் பார்க்காமல் நாய்க்காரரோடு பேசுங்கள். கேமராவைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்து, அது வேடிக்கை பார்க்கட்டும் என்று இரண்டு நிமிடம் விடுங்கள். சங்கிலியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் மண்டியிட வேண்டாம். மண்டியிட்டால் உங்கள் முகம் நேராக அதன் வாய் உயரத்தில் இருக்கும்.

உடல் மரக்கட்டையாக விறைப்பது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, கொட்டாவி, வால் தொடையிடுக்கில் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் கேமராவை இறக்கிவிட வேண்டும். ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்று சொல்லப்படும் நாய்கள் கடித்த கதை நிறைய. கடி, கீறல் எதுவானாலும் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

காது நிமிர்ந்து பார்க்க வைக்க எல்லோரும் சத்தம் எழுப்புவார்கள்: விசில், சாவிக்கொத்து, பூனைக் குரல். ஒரு சத்தம் இரண்டு மூன்று முறைதான் வேலை செய்யும். பிறகு நாய் திரும்பாது. ஆகவே எல்லாம் தயாரான பின், கடைசியில் எழுப்புங்கள். பிஸ்கட் பாக்கெட் கசங்கும் சத்தம் பெரும்பாலும் தோற்பதில்லை, ஆனால் பக்கத்து நாய்களும் எழுந்துகொள்ளும்.

வெயில் ஏறியதும் நாக்கு தொங்கி, வாய்க்கோடு காது வரை நீண்டுவிடும். அப்போது முகப்படம் எடுப்பது வீண். தண்ணீர் காட்டி, நிழலில் பத்து நிமிடம் விட்டால் வாயை மூடும். ஒன்பதரைக்கு மேல் நாயைப் படத்துக்காக வெயிலில் நிறுத்தச் சொல்வது நியாயமும் இல்லை.

ஓட்டம்

மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். குறுக்கே ஓடும் நாய் 1/1000 நொடியில் 11 மி.மீ. நகர்ந்திருக்கும், பாதம் அதைவிட வேகம். 1/2000 குறைந்தபட்சம். காலை வெயிலில் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400-க்கு அது கிடைத்துவிடும்.

வேட்டை நாய்கள் ஒரு பாய்ச்சலில் இரண்டு முறை தரையை விடும். ஒரு முறை உடல் வில்லாக நீண்டு, ஒரு முறை கால்கள் வயிற்றுக்கடியில் முடிச்சாகச் சுருண்டு. நொடிக்கு மூன்று நான்கு பாய்ச்சல் வரும். கேமராவோ நொடிக்கு ஐந்து ஃப்ரேம். நீண்ட நிலை விழுவதும் நழுவுவதும் அதிர்ஷ்டம் போலத் தெரிவது இந்தக் கணக்கால்தான். பட்டனை அழுத்தியே பிடித்திருப்பதால் பயனில்லை. ரா என்றால் பத்துச் சொச்சம் ஃப்ரேமில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி, நாய் நேர் முன்னால் வரும்போது கேமரா மூச்சுவாங்கும். பாதையில் ஓரிடத்தைக் குறித்து, சுண்ணாம்புக் கோடோ கல்லோ எதுவானாலும் சரி, அதில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, நாய் அதற்கு இரண்டு மீட்டர் முன்னால் வரும்போது நான்கைந்து ஃப்ரேம் மட்டும் விடுங்கள்.

எதிரே ஓடி வரும் படம் வேண்டுமானால், நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோ. ஆனால் பாதை முடியும் இடத்துக்கு நேர் பின்னால் உட்கார வேண்டாம். அங்கேதான் நாயை நிறுத்த ஆட்கள் பாய்வார்கள், நாயும் நிற்காது. கயிற்றுக்கு வெளியே, பாதைக்குப் பதினைந்து டிகிரி விலகி இருங்கள்.

ஓட்டம் நடக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றுவது தூசியை அழைத்து உட்கார வைப்பது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் காருக்குள் போய், கேமரா வாய் கீழே பார்த்தபடி. வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். ரப்பர் ப்ளோயர் நூறு இருநூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

மேடையும் ஆட்களும்

பரிசளிப்பு சாமியானாவுக்குள், எல்இடி விளக்கடியில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவு எல்இடிகளும் குழல்விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சில நேரம் குறுக்கே பட்டையாகவும் வரும். 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் அடங்கும். 50 மி.மீ., எஃப் 4, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம்.

ஃப்ளாஷ் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. நேர் ஃப்ளாஷில் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். வெள்ளை நாய் முன்னால், பரிசு கொடுப்பவர் பின்னால் என்றால் நாய் வெந்து, ஆள் இருட்டாகவே இருப்பார்.

கோப்பையைக் கொடுக்கும்போது இரண்டு பேரும் கேமராவைப் பார்த்து நிற்பது இரண்டு நொடி. அந்த நேரத்தில் நாய் எங்கோ பார்க்கும். ஆட்களை முதலில் எடுத்துவிட்டு, ‘அப்படியே இருங்க’ என்று சொல்லி, பிறகு சத்தம் எழுப்புங்கள். வரிசை மாறினால் ஆட்களும் நாயோடு சேர்ந்து சத்தம் வந்த பக்கம் திரும்பிவிடுவார்கள்.

நாயும் ஆளும் சேர்ந்த படத்தில் எக்ஸ்போஷர் நாயின் வெள்ளைக்குத்தான். ஆளின் முகம் கொஞ்சம் இருட்டாக விழுந்தால் ரா ஃபைலில் ஒன்றரை ஸ்டாப் வரை தூக்கலாம். அதைத் தாண்டினால் கரிய முகத்தில் சிவப்புப் புள்ளி இரைச்சல் கிளம்பும். இதனால்தான் நிழலில் எடுப்பதையே வலியுறுத்துகிறோம். அங்கே இரண்டுக்கும் இடைவெளி குறைவு.

குட்டியை அணைத்து நிற்கும் குழந்தைகள்தான் இந்த நாளின் சிறந்த படங்களைத் தருவார்கள். பெற்றோரிடம் கேட்டு எடுங்கள். எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கழுத்துப்பட்டைத் தகட்டில் இருக்கும் ஃபோன் எண், பின்னால் நிற்கும் பைக்கின் நம்பர், படக் கோப்பில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு ஆகியவை பொதுவெளிக்குப் போகக் கூடாது. பரிசு வாங்கிய நாய்க்குச் சந்தையில் விலை உண்டு, அது கட்டியிருக்கும் வீட்டு வாசல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. முயலோடு நிற்க வைத்து எடுக்கச் சொல்பவர்களும் வருவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அந்தப் படமே சாட்சியாகும் என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பின்

கருங்கன்னிகள் பத்து வந்திருந்தால் எது யாருடையது என்று மாலையில் உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு நாயையும் எடுக்கத் தொடங்கும் முன் அதன் பதிவு எண் அட்டையை ஒரு ஃப்ரேம் எடுத்துவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, பிறகு வாலின் வளைவைப் பார்த்து அடையாளம் காண முயல்வது வீண் பாடு.

தேர்வு செய்யும்போது முதல் சுற்றில் கண் மட்டும். கண் மங்கலானதெல்லாம் போகட்டும், முகபாவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும். பக்கவாட்டுப் படங்களுக்கு இரண்டாம் சுற்றில் பாதங்களும் முதுகும்.

திருத்தத்தில் பலர் சறுக்கும் இடம், இழைகளை எடுப்பாகக் காட்டும் க்ளாரிட்டி. வெள்ளை முடியில் அதைக் கூட்டினால் இழைகளுக்கு நடுவே சாம்பல் ஏறி, குளிப்பாட்டாத நாய் போலாகும். ஹைலைட்டைக் குறைப்பதும் ஓரளவுக்குத்தான். மிகையானால் முடி சுண்ணாம்புச் சுவர் போலத் தட்டையாகிவிடும். சங்கிலியையும் பின்னால் தெரியும் செருப்பையும் அழிக்கலாம். தழும்பையும் வளைந்த காலையும் அழிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இனச்சேர்க்கைக்கோ விற்பனைக்கோ காட்டப்போகும் படத்தில் அதைச் செய்வது இன்னொருவரை ஏமாற்றுவது. முகப்படத்தில் கண்பீளையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, வெள்ளை முடி கட்டம் கட்டமாகும். டாகுமெண்டாக அனுப்புங்கள். 24 மெகாபிக்சல் என்பது 6000 × 4000. இருபுறமும் பாதியாக வெட்டினாலும் 300 டிபிஐயில் பத்தங்குல அகலம் வரும். ஸ்டுடியோக்களில் கிடைக்கும் 12×8 அளவு, கேமராவின் 3:2 விகிதத்தோடு அப்படியே பொருந்துவதால் வாலோ பாதமோ வெட்டுப்படாது.

பிரிண்ட் திரையில் பார்த்ததைவிட இருண்டே வரும். திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துவைத்துத் திருத்துங்கள். முதலில் சிறிய மேக்ஸி அளவில் ஒரு வெள்ளை நாய், ஒரு கறுப்பு நாய் என்று இரண்டு மட்டும் போடச் சொல்லி, லேபில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் அந்த இயந்திரமும் கேமராவின் மீட்டர் போலவே வெள்ளை நாயைச் சாம்பலாக்கித்தான் வெளியே தள்ளும்.